பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் நம்ம வீட்டுக் கிணறும்

மக்களே, இது கொஞ்சம் நாத்தம் பிடிச்ச பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்துடுங்க. :-)

புறநகர்ல மனை வாங்கி வீடு கட்டினவங்ககிட்ட பேச்சுக் குடுத்துப் பாருங்க. தேக்கு வாசக்கால், டைல்ஸ், மாடிப்படி எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு கடைசியா ஒரு பெருமை வரும். "வீடு கட்டி பதினஞ்சு வருஷம் ஆச்சு சார். செப்டிக் டேங்க் ஒரு தடவை கூட நிரம்பினதில்ல. லாரியே கூப்பிட்டதில்ல. நம்ம கொத்தனார் கை அப்படி!" கொத்தனாருக்கு மாலை போட்டு ஃபோட்டோ மாட்டாத குறை.

என் கட்சி இதுக்கு நேர் எதிர். பதினஞ்சு வருஷமா நிரம்பாத செப்டிக் டேங்க், செப்டிக் டேங்கே இல்லை. அது ஒரு ஓட்டை. அதுல ஊத்தினது எல்லாம் எங்கயோ போய்க்கிட்டே இருக்கு. அந்த "எங்கயோ" பல சமயம் பக்கத்து வீட்டுக் கிணறு.

பக்கத்து வீட்டுக் கழிவு நம்ம மனைக்குள்ள கசிஞ்சா என்ன பண்றது? ரெண்டு வருஷமா நான் அலைஞ்சு கத்துக்கிட்டதுல இருந்து மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு, கசிய விட்டவர்தான் சரி பண்ணணும், அதுல தாட்சண்யம் பார்க்க வேண்டாம். ரெண்டு, அவரை மட்டும் ஜெயிச்சா கிணறு சுத்தமாயிடாது. மூணு, இந்தச் சண்டையை சீக்கிரம் முடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கு. அந்த வழியில மட்டும் போகவே கூடாது.

நிரம்பறதுதான் அதோட வேலை

செப்டிக் டேங்க் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. தண்ணி ஒழுகாத ஒரு தொட்டி. அடியில கான்கிரீட், பக்கத்துல பூச்சு, நடுவுல ஒரு தடுப்புச் சுவர். கக்கூஸ் தண்ணி முதல் அறைக்கு வரும். கனமானது அடியில கசடாப் படியும். எண்ணெய், கொழுப்பு மாதிரி லேசானது மேல ஏடு கட்டி மிதக்கும். நடுவுல இருக்கிற கலங்கல் தண்ணி மட்டும் அந்தக் கோடியில இருக்கிற குழாய் வழியா வெளியே போகும். காத்தில்லாத இடத்துல வாழற பாக்டீரியா கசடைக் கொஞ்சம் கொஞ்சமா செரிக்கும். ஆனா முழுசாத் தீர்க்காது. அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வெச்சு கசடை உறிஞ்சி எடுக்கணும்.

இதுல நம்ம ஆளுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்ட விஷயம் ரெண்டு.

முதலாவது, ஒழுங்கா கட்டின டேங்க் எப்பவுமே நிரம்பித்தான் இருக்கும். குடி வந்த சில நாள்லயே வெளிக்குழாய் மட்டம் வரைக்கும் தண்ணி நின்னுடும். அப்புறம் ஒரு வாளி உள்ளே போனா ஒரு வாளி வெளியே வரும். மூடியைத் திறந்து பார்த்து "அய்யோ ஃபுல்லா இருக்கே"ன்னு பயப்பட வேண்டாம். காலியா இருந்தாத்தான் பயப்படணும்.

ரெண்டாவது, வெளியே வர்ற தண்ணி சுத்தமான தண்ணி இல்லை. கிருமி எல்லாம் அதுல அப்படியே இருக்கும். மிச்ச வேலையைச் செய்யறது மண்ணு. அதுக்குத்தான் உறிஞ்சு குழி. ஈரமில்லாத மண்ணு வழியா மெதுவா இறங்கும்போதுதான் கிருமி வடிகட்டப்பட்டு சாகுது. மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேலே ஏறி குழியையே தொட்டுடுச்சுன்னா வடிகட்ட மண்ணு ஏது? கழிவும் கிணத்துத் தண்ணியும் கை கோத்துக்கும்.

புறநகர்ல பெரும்பாலும் நடக்கறது என்னன்னா, இந்தத் தொட்டி, தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. குழி தோண்டி சிமெண்ட் உறையை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கி மேல ஒரு மூடி. அடியில வெறும் மண்ணு. அதுக்குப் பேர் "செப்டிக் டேங்க்". பிளான்ல அழகா ரெண்டு அறை வரைஞ்சிருக்கும், மண்ணுக்குள்ள இருக்கறது இதுதான். நிரம்பாததோட ரகசியம் இதுதான் சாமிகளா.

சில வருஷம் போனா உறையைச் சுத்தி இருக்கிற மண்ணோட கண்ணு எல்லாம் கசடால அடைபட்டுடும். அதுக்குள்ள வீட்டுக்காரர் மேல ஒரு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பார். நாலு பேர் வீட்டுக்குக் கட்டின குழியில பன்னெண்டு பேர். வாஷிங் மெஷின் தண்ணியும் அதுலயே. கீழே இறங்க வழியில்லாத தண்ணி பக்கவாட்டுல வழி தேடும். அப்பதான் நம்ம காம்பவுண்டு சுவர் நனைய ஆரம்பிக்கும்.

அரை கிரவுண்டுல 18 மீட்டர்

செப்டிக் டேங்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட விதிமுறை ஒண்ணு இருக்கு. ஐ.எஸ். 2470, முதல் பகுதி, 1985. அதுல உறிஞ்சு குழி மாதிரி மண்ணுல இறக்கற அமைப்பு எதுவானாலும் குடிநீர்க் கிணத்துல இருந்து குறைஞ்சது 18 மீட்டர் தள்ளி இருக்கணும்னு சொல்லியிருக்கு. குடியிருக்கிற கட்டடத்துல இருந்து 6 மீட்டர்.

சரி, இப்ப ஒரு கணக்குப் போடுவோம். அரை கிரவுண்டு மனை 1200 சதுர அடி. முப்பதுக்கு நாப்பது. ஒரு மூலையில கிணறு, நேர் எதிர் மூலையில குழின்னு வெச்சாக் கூட குறுக்கு நீளம் 50 அடிதான். மீட்டர்ல 15 சொச்சம். 18 மீட்டர்னா 59 அடி. அதாவது அரை கிரவுண்டுல நீங்க தலைகீழா நின்னாலும் இந்த விதியைக் காப்பாத்த முடியாது.

இன்னொரு கணக்கு. உங்க கிணத்தைச் சுத்தி 18 மீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் போடுங்க. உள்ளே வர்ற பரப்பு கிட்டத்தட்ட 11,000 சதுர அடி. ஒன்பது அரை கிரவுண்டு மனைக்கு சமம். நடுவுல தெரு போற இடத்தைக் கழிச்சாலும் அஞ்சாறு வீட்டுக் கழிவு உங்க வட்டத்துக்குள்ள இருக்கு. உங்க கழிவும் அதே மாதிரி அஞ்சாறு பேர் வட்டத்துக்குள்ள இருக்கு. காம்பவுண்டு சுவர் நம்ம கண்ணுக்குத்தான். அஸ்திவாரத்துக்குக் கீழே எல்லாருக்கும் கூட்டுப் பட்டா.

இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

எங்க கதை

சென்னைக்குத் தெற்கே, ஏரிப் பக்கத்துக் களிமண் ஏரியா எங்களோடது. பாதாள சாக்கடை வரலை. குடிக்க கேன் தண்ணி, மத்ததுக்கு எல்லாம் கிணறு. ஒரு சித்திரை மாசம், ஊரே காஞ்சு கிடக்கும்போது எங்க பின்பக்கச் சுவர் அடியில மட்டும் ஈரம். சுவர்ல உப்புப் பூத்து பூச்சு உதிருது. அந்த இடத்துல மட்டும் புல்லு தளதளன்னு வளருது. ஐப்பசி மழை வந்ததும் கிணத்துத் தண்ணியில ஒரு வாடை. அந்த வருஷக் கடைசியில எங்க சின்னவளுக்கு மஞ்சள் காமாலை. கிணத்தாலதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை. அப்படி உறுதியா சொல்லவும் முடியாது. ஆனா பல் தேய்க்கற தண்ணியும், பாத்திரம் கழுவற தண்ணியும் கிணத்துத் தண்ணிதானேன்னு ராத்திரி படுத்தா தோணிக்கிட்டே இருக்கும்.

பின் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆளு. தெருவே அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். நல்ல மனுஷன். எங்க வீட்டுல யாருக்கு உடம்புக்குன்னாலும் முதல் ஆளா வந்து நிப்பார். போய்ச் சொன்னேன்.

"என்ன தம்பி இப்படிச் சொல்லுதீங்க? எங்க டேங்கு பதினெட்டு வருஷமா நிரம்பினதே இல்லயே! உங்க டேங்குதான் ஒழுகும், பாருங்க."

இங்கதான் பாதிப் பேர் கத்த ஆரம்பிப்பாங்க. கத்தி பிரயோஜனம் இல்லை, ஏன்னா அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆதாரம் எங்கே? அதனால சண்டைக்கு முன்னாடி செய்ய வேண்டியதை வரிசையாச் சொல்றேன்.

ஆதாரம், பேச்சு, காகிதம்

முதல்ல நம்ம வீட்டைச் சோதிங்க. நம்ம டேங்க், நம்ம பாத்ரூம் குழாய், மேல்நிலைத் தொட்டி வழியற தண்ணி, எல்லாத்தையும் பார்த்து விலக்குங்க. நான் ஒரு மேஸ்திரியை வெச்சு எங்க டேங்கைத் திறந்து காட்டி, மட்டம் இறங்கலைன்னு அண்ணாச்சி கண்ணு முன்னாடியே அளந்து காட்டினேன்.

அடுத்தது ஃபோட்டோ. ஈரம் இருக்கிற இடத்தை கோடையில எடுங்க, மழையில எடுங்க, தேதியோட எடுங்க. கோடை ஃபோட்டோதான் முக்கியம். மழையில எல்லாச் சுவரும்தான் நனையும்.

அப்புறம் தண்ணிப் பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல பரிசோதனைக்கூடம் இருக்கு. கட்டணம் கட்டி நாமளே மாதிரி குடுக்கலாம். ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு ஈ.கோலி. குடிநீர்ல 100 மில்லிக்கு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இன்னொண்ணு நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும்தான் அனுமதி. தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிற வீட்டுல இது ரொம்ப முக்கியம். வீட்டுலயே பார்க்க எச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு கிடைக்கும். தண்ணியை ஊத்தி ஒரு நாள், ரெண்டு நாள் வெச்சா, மலக் கழிவு கலந்த தண்ணி கறுப்பாயிடும். கோர்ட்டுக்கு அது சாட்சி ஆகாது, பக்கத்து வீட்டுக்காரர் மனசுக்கு ஆகும்.

கடைசியா சாயம். ஃபுளோரசின்னு ஒரு பச்சைச் சாயம். சந்தேகப்படற வீட்டுக் கக்கூஸ்ல ஊத்தி, ஈரம் வர்ற இடத்துல பச்சை தெரியுதான்னு பார்க்கறது. அவங்க சம்மதம் வேணும், திருட்டுத்தனமா செய்யக் கூடாது. பச்சை வந்தா கேஸ் முடிஞ்சது. வரலைன்னா ஒண்ணும் நிரூபணம் ஆகலை, களிமண்ணுல வந்து சேர நாளாகும், சாயத்தை மண்ணே பிடிச்சும் வெச்சுக்கும்.

இந்தச் செலவு எல்லாம் நாமதான் செய்யணும்ங்கிறது என் கருத்து. "உன் டேங்க் ஒழுகுது, உன் காசுல நிரூபி"ன்னா எவனும் வர மாட்டான். நிரூபிக்கற செலவு நம்மளோடது, ரிப்பேர் செலவு அவரோடது. இந்தக் கோட்டைத் தாண்டி "சரி, பாதி நான் தர்றேன்"னு இறங்கறதும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தடவை பாதி குடுத்தா அது நம்ம டேங்காவும் ஆயிடும்.

பேசிப் பார்த்து ஆகலைன்னா காகிதம். தெரு வம்பை எல்லாம் அதுல எழுதாம தேதி, ஃபோட்டோ, பரிசோதனை முடிவு மட்டும் வெச்சு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு குடுங்க. 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒண்ணு நம்ம மாநிலத்துல இருக்கு. இந்த மாதிரி தொல்லையை நீக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் குடுக்க அதுல அதிகாரம் இருக்கு. நேர்ல குடுத்தா ரசீது வாங்குங்க, இல்லைன்னா ஸ்பீடு போஸ்ட். பதில் இல்லைன்னா 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல "என் மனு மேல என்ன நடவடிக்கை?"ன்னு ஒரே ஒரு வரி கேளுங்க. எங்க அலுவலகத்துல எட்டு மாசம் தூங்கின மனு, அந்த ஒரு வரிக்கு அப்புறம் எழுந்து நின்னு ஆய்வாளரைக் கூட்டிக்கிட்டு வந்தது. :-)

கழிவு தெருவுக்கோ, பல வீட்டுக்கோ போகுதுன்னா அது பொதுத் தொல்லை. கோட்டாட்சியர்கிட்ட போகலாம். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவுன்னு சொல்வாங்க, ஜூலை 1, 2024-ல இருந்து அது புதுச் சட்டத்துல 152. இந்தப் பிரிவுக்கு எவ்வளவு வலுன்னு தெரியணும்னா, ரத்லம் நகராட்சி வழக்குன்னு தேடிப் பாருங்க. மத்தியப் பிரதேசத்துல ஒரு தெருக்காரங்க, திறந்த சாக்கடை நாத்தம் தாங்காம மாஜிஸ்திரேட்கிட்ட போனாங்க. நகராட்சி "காசு இல்லை"ன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1980-ல நீதிபதி கிருஷ்ணய்யர், காசு இல்லைங்கிறது எல்லாம் ஒரு சாக்கே இல்லைன்னு தீர்ப்புக் குடுத்தார்.

உங்க ஒரு வீட்டுக்கு மட்டும் பாதிப்புன்னா அது சிவில் விவகாரம். முன்சீப் கோர்ட்டுல, ரிப்பேர் பண்ணச் சொல்லி கட்டாய உத்தரவு கேட்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. வழக்கே போடாம மக்கள் நீதிமன்றத்துல பேசி முடிக்க வழி இருக்கு. கோர்ட்டு ஃபீஸ் கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவங்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. நாளைக்கும் அவர் முகத்துல முழிக்கணும் இல்லையா, அதனால தீர்ப்பை விட சமாதானம்தான் லாபம்.

போகக் கூடாத குறுக்கு வழி

ஆய்வாளர் வந்து பார்த்து நோட்டீஸ் குடுத்த பிறகு அண்ணாச்சிக்குக் கோபம். ரெண்டு வாரம் பேசலை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு பின்பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தா மூடி திறந்திருக்கு. ரெண்டு பேர் சட்டையைக் கழட்டிட்டு நிக்கறாங்க, கையில கயிறு, வாளி. ஒருத்தனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். லாரிக்கு ஆகிற காசுல பாதிக்கு, கசடை அள்ளி குழி தோண்டிப் புதைச்சுடறதாப் பேச்சு.

"அண்ணாச்சி, வேண்டாம். அவங்க இறங்கினா நான் போலீசுக்கு போன் பண்ணுவேன்."

"தம்பி, உங்க கிணத்துக்காகத்தானே செய்யுதேன்? நோட்டீஸ் குடுத்ததும் நீங்க, தடுக்கதும் நீங்களா?"

அவர் கேட்டதுல இருக்கிற உண்மைதான் என்னை இந்தப் பதிவு எழுத வெச்சது. எனக்காகத்தான் அந்தப் பையன் அங்கே நின்னான். நான் அழுத்தினேன், அவர் அவசரப்பட்டார், நடுவுல யாரோ ஒருத்தர் பெத்த பிள்ளை இறங்கணும். என் வீட்டுக் கிணத்துத் தண்ணிக்கு அது விலையா?

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மூடின தொட்டிக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் எல்லாம் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அளவு ஏறினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்"னு நினைக்கிற நிமிஷம்தான் எமன். கசடைக் கலக்கினா உள்ளே தங்கின வாயு மொத்தமா மேலே வரும். முதல் ஆள் மயங்கி விழுந்ததும் காப்பாத்த ரெண்டாவது ஆள் குதிப்பான், அவனும் போயிடுவான். பேப்பர்ல படிக்கிறோமே, ஒரே தொட்டியில ரெண்டு பேர், மூணு பேர்னு... அது இப்படித்தான்.

2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாம செப்டிக் டேங்குக்குள்ள ஒரு மனுஷனை இறக்கி சுத்தம் பண்ண வைக்கறது குற்றம். நேரடியா வெச்சாலும் சரி, புரோக்கர் மூலமா வெச்சாலும் சரி. முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும். உயிர் போனா 10 லட்சம் குடுக்கணும்னு 2014-ல சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா ஆக்குச்சு. ஆனா காசைப் பத்தி எழுதவே கூச்சமா இருக்கு. இறங்கறது பெரும்பாலும் எந்தச் சாதி, இறக்கறது எந்தச் சாதின்னு நமக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் ராத்திரி பத்து மணிக்கு மூடியைத் திறக்கறோம்.

அன்னிக்கு அந்தப் பசங்க காசு வாங்காம போயிடக் கூடாதுன்னு அவங்க கூலியை அண்ணாச்சியே குடுத்து அனுப்பினார். அதை நான் மறக்க மாட்டேன். மறுநாள் லாரி வந்தது. உறிஞ்சி எடுத்த பிறகு மேலே இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தோம். அடியில கான்கிரீட்டே இல்லை. அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசலை. கொத்தனாரை நம்பின மனுஷன், பாவம். அப்புறம் கார் நிறுத்தற இடத்துக்கு அடியில ஒழுங்கான ரெண்டு அறைத் தொட்டி கட்டினார். பழைய உறைக் குழியை மண் போட்டு மூடினார். எங்க சுவரும் அடுத்த கோடையில காஞ்சது.

அப்ப கிணறு?

ஆறு மாசம் கழிச்சு திரும்பத் தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்தேன். வாடை இல்லை, கலங்கல் இல்லை. ஈ.கோலி மட்டும் இருக்கு. அஞ்சாறு வீட்டுக் கணக்கு மேலே சொன்னேனே, அதுதான் காரணம். அண்ணாச்சி வீட்டை அடைச்சாச்சு, மத்த வீட்டை எல்லாம் யார் அடைக்கறது? ஒவ்வொருத்தர் மேலயும் மனு போட்டா நான் தெருவுல நடமாட முடியுமா?

"ஆர்.ஓ. மாட்டிக்கோங்க பாஸ்"னு ஒரு கோஷ்டி வரும். சமையலறைக் குழாய்ல மாட்டலாம். குளிக்கிற தண்ணிக்கு? பாத்திரத்துக்கு? "போர் ஆழமாப் போடுங்க"ன்னு இன்னொரு கோஷ்டி. போர் குழாயோட வெளிப்பக்கத்தைச் சரியா அடைக்கலைன்னா மேல் தண்ணி குழாயைப் பிடிச்சுக்கிட்டே கீழே இறங்கும், ஆழமும் கெடும். "பாதாள சாக்கடை வந்தா எல்லாம் சரியாயிடும்"னு மூணாவது கோஷ்டி. வரட்டும், வரவேற்கிறேன். வர்ற வரைக்கும்?

வர்ற வரைக்கும் செய்ய ஒரு வழி இருக்கு, நான் கண்டுபிடிச்சது இல்லை. மகாராஷ்டிராவுல வாய்னு ஒரு சின்ன ஊர். அங்கே 2018-ல இருந்து, டேங்க் நிரம்பினா கூப்பிடுங்கன்னு காத்திருக்காம, வார்டு வார்டா, தெருத் தெருவா வரிசை போட்டு லாரி போகுது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு முறை. காசை வரியோட சேர்த்து வாங்கிக்கறாங்க. எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. இந்த ஏற்பாட்டுல ஒரு அழகு இருக்கு. எல்லா வீட்டு மூடியையும் ஒரு தடவை திறந்தே ஆகணும். எது தொட்டி, எது ஓட்டைன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். யாரும் யார் மேலயும் மனு போட வேண்டாம், அவசரமும் இல்லை, ராத்திரி பத்து மணியும் இல்லை.

நம்ம மாநிலத்துலயும் விஷயம் தெரியாம இல்லை. கசடு மேலாண்மைக்கு 2014-லயே அரசாணை போட்டு வழிகாட்டுதல் வந்தாச்சு. லாரிகளுக்கு உரிமம் வேணும்னு 2022-ல சட்டத் திருத்தமும் ஆச்சு. மதுராந்தகம் பக்கத்துல கருங்குழியில கசடு சுத்திகரிப்பு நிலையமும் இருக்கு. இல்லாதது, வீட்டு வாசலுக்கு வரிசையா வர்ற அந்த லாரிதான். நாம அதைக் கேட்டதும் இல்லை. வார்டு கூட்டத்துல தெரு விளக்கு கேட்போம், ரோடு கேட்போம். கக்கூஸ் கதையை நாலு பேர் முன்னாடி பேச வெட்கம்.

அதனால என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. புது வீட்டுக்கு டேங்க் குழியை மூடறதுக்கு முன்னாடி உள்ளாட்சியில இருந்து ஒருத்தர் வந்து அடியில கான்கிரீட் இருக்கான்னு பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போகணும். பழைய வீட்டுக்கு வாய் மாதிரி வரிசை லாரி. காசு வரியில போடட்டும், நான் முதல் ஆளாக் கட்டறேன். அடுத்த வார்டு கூட்டத்துக்கு நானும் அண்ணாச்சியும் சேர்ந்து மனு எழுதி வெச்சிருக்கோம். முதல் கையெழுத்து அவரோடது. தெருவுல இது வரைக்கும் பதினோரு வீடு போட்டிருக்கு, ஏழு வீடு "பார்க்கலாம்"னு சொல்லுது. அந்த ஏழு பேர்ல நாலு பேர் சொன்ன காரணம் ஒண்ணுதான்: "எங்க டேங்க் நிரம்பினதே இல்லையே!"

அவ்வ்வ்வ்...

பி.கு. 1: படிச்சு முடிச்சதும் உங்க டேங்க் மூடி எங்கே இருக்குன்னு பாருங்க. கடைசியா எப்ப லாரி வந்ததுன்னு வீட்டுல கேளுங்க. "வந்ததே இல்லை"ன்னா பெருமைப்படாம லாரியைக் கூப்பிடுங்க, 14420-க்கு அடிச்சாலும் சொல்வாங்க. மூடியைத் திறந்தா தள்ளி நில்லுங்க, தலையை உள்ளே விடாதீங்க, தீக்குச்சி கிழிக்காதீங்க, குழந்தைங்களைப் பக்கத்துல விடாதீங்க.

பி.கு. 2: உங்க ஊர்ல இந்த மாதிரி வரிசை லாரி எங்கேயாவது நடக்குதுன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. மனுவோட இணைச்சுக் குடுக்க உதவும்.